சீட்டை ஏன் இறக்கினார்கள்?



நம்மில் யாராவது முழங்கால் வலி என்று சொன்னால் போதும், "வயசாகுதில்ல, இனிமே எதுக்கு சைக்கிள்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் பத்து நாள் அப்படித்தான் நம்பினேன். தப்பு வயசில் இல்லை, சீட்டில் என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் மெல்லிய டயர் போட்ட, கியர் இல்லாத புது சைக்கிள் வாங்கினேன். பணம் கொடுத்தது நான். கடைக்காரர் பேசினதெல்லாம் கூட வந்த என் வீட்டுக்காரரிடம்! "லேடீஸ் ஓட்டுறதுதானே சார், கால் தரையில நல்லா ஊனணும்" என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்துவிட்டார். அக்கறையில் செய்ததுதான். ஆனால் முதல் நாள் திருக்கோகர்ணம் போய் வருவதற்குள் முழங்காலின் முன்பக்கம் விண்விண்ணென்று தெறித்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மடங்கியே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

வழி சொன்னவர் எங்கள் தெருமுனை பங்க்சர் கடைப் பெரியவர். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காரணும். பெடலைக் கீழே விட்டு அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிக்கிறோம், அப்போது லேசான மடிப்பு தானாக வந்துவிடும். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் சீட் உயரம் அதிகம் என்று அர்த்தம். சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்கவே கூடாது. எனக்கு நாலு விரற்கடை ஏற்ற வேண்டியிருந்தது. தினம் ஒரு விரற்கடையாக ஏற்றினேன். வலி போயே போச்சு.

"கால் எட்டாதே, விழுந்துட்டா?" என்று கேட்பீர்கள். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்பக்கமாக இறங்கி ஒரு காலை ஊன்றணும், அவ்வளவுதான். ஒரு தடவை விழுந்தேன். எதிர்வீட்டு அம்மா சிரித்தார், சிரிக்கட்டும்.

இதே புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஜென்ட்ஸ் சைக்கிளே கேட்டவர்கள் உண்டு. அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற பெண். இரவல் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவள். அன்றைக்கு அவ்வளவு உயரமான சைக்கிளை மிதித்த நமக்கு இன்றைக்கு எதற்குக் குழந்தை சீட்? பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகும் உங்கள் மகளின் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். போன வருஷம் வைத்த உயரம் இந்த வருஷம் பத்தாது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. புது பிரேக் கம்பி சில நாளில் கொஞ்சம் தளரும். பிரேக் பிடி பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் சரியாகும். கியர் இல்லாத சைக்கிளில் செயின் தொங்கினால் கழன்று விழும். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசையலாம், அதற்கு மேல் வேண்டாம். பின்சக்கரத்தின் இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, கோணாமல் இறுக்கணும். எதிர்காற்றில் மூச்சு வாங்குகிறதா? பின்னால் 16 பல் இருந்தால் 18 பல் ஃப்ரீவீல் மாற்றச் சொல்லுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், நாம் என்ன ரேஸுக்கா போகிறோம்? இந்த மாதிரி சைக்கிளில் செயின் கார்டு கிடையாது, துப்பட்டாவை இறுக்கி முடியுங்கள்.

போன வாரம் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். அவர் உயரத்துக்கு சீட்டை ஏற்றியவர், திரும்ப இறக்கி வைக்கவில்லை. இப்போது தண்டில் என் அளவுக்கு சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டுவிட்டேன். ஸ்பேனர் என் கைப்பையில் இருக்கிறது.

— ஒரு வாசகி, புதுக்கோட்டை