தோல்விக்குப் பின் இரண்டு வரிப் பதில்: திமிரா, தற்காப்பா?

தொட்டன்ஹாம் தோற்ற இரவுகளில் அதன் முன்னாள் பயிற்றுநர் ஏஞ்ச் போஸ்டெகோக்லுவின் செய்தியாளர் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இறுகிய முகம் மறந்திருக்காது. கேள்வி நீளமாக வரும். பதில் இரண்டு வரியில் முடியும். 2024/25 பருவத்தில் அந்த அணி இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் 22இல் தோற்று 17ஆவது இடத்தில் முடிந்ததால், அந்தக் காட்சி அடிக்கடி வந்தது.

விடிய விடிய மாமாக் கடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ரசிகனுக்கு இது எரிச்சலூட்டும். "தோற்றதற்குக் காரணம் சொல்லக்கூட மனமில்லையா?" என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மறுபக்கமும் உண்டு.

ஆட்டத்துக்குப் பின் ஊடகத்தைச் சந்திப்பது பயிற்றுநரின் விருப்பம் அல்ல, கடமை. மென்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் பெர்குசன் தம் மகனைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தால் கோபமுற்று 2004 முதல் 2011 வரை பிபிசிக்குப் பேட்டி தர மறுத்தார். அந்த அளவுக்குப் பிடிவாதம் பிடிக்க எல்லாராலும் முடியாது. மற்றவர்கள் வந்து உட்காருகிறார்கள்; வாயை மட்டும் அளந்து திறக்கிறார்கள்.

அளந்து பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் போஸ்டெகோக்லுவே சாட்சி. 2024 செப்டம்பரில் அர்செனலிடம் 0-1 எனத் தோற்றபின், தமது இரண்டாவது பருவத்தில் எப்போதும் கிண்ணம் வெல்வதாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் அடுத்து வந்த ஒவ்வொரு தோல்வியிலும் அவர்மீதே திருப்பி வீசப்பட்டது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 2025 மே 21ஆம் தேதி பில்பாவோவில் மென்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வீழ்த்தி ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்றது தொட்டன்ஹாம். 17 ஆண்டுகளில் அந்த அணிக்குக் கிடைத்த முதல் கிண்ணம் அது. ஆயினும் 16 நாளில் வேலை போனது. பிறகு நொட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்குப் போனார். அக்டோபரில் செல்சிக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்பு, தம் சாதனைகளை நீண்ட நேரம் விளக்கிப் பேசினார். அந்த ஆட்டத்தில் 0-3 எனத் தோற்ற சில நிமிடங்களில் நீக்கப்பட்டார். பதவியில் இருந்தது 39 நாள். சுருக்கமாகப் பேசியும் விளக்கமாகப் பேசியும் பயனில்லை. தீர்ப்பு எழுதியது புள்ளிப் பட்டியல்தான்.

அப்படியானால் பயிற்றுநர் என்ன பேசினால் என்ன என்று விட்டுவிடலாமா? முடியாது. அந்தச் சொற்களை ஆட்டக்காரர்களும் கேட்கிறார்கள். 2010 டிசம்பர் முதல் நாள் சுசுகி கிண்ணத்தில் மலேசியா ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. அதே மாத இறுதியில் அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வென்று கே. ராஜகோபாலின் இளம் அணி கிண்ணத்தை ஏந்தியது. ஐந்து கோல் வாங்கிய இரவில், பழியை இளையோர் தலையில் போடும் பயிற்றுநரின் கீழ் எந்த அணியும் நான்கு வாரத்தில் அப்படி எழுந்து நிற்காது.

எனவே பதிலின் நீளத்தைப் பார்ப்பதைவிட, அது யாரைக் காக்கிறது என்று பார்ப்பதே சரி. ஆட்டக்காரர்களைக் காக்கும் சுருக்கம் பொறுப்பு. தம்மை மட்டும் காத்துக்கொள்ளும் சுருக்கம் தப்பித்தல். எங்கே பிழைத்தது, யார் பொறுப்பு, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதற்கு மூன்று வாக்கியம் போதும். காசு சேர்த்து, பேருந்து பிடித்து புக்கிட் ஜாலிலுக்கு வரும் ரசிகனுக்கு அந்த மூன்றாவது கிடைக்க வேண்டும்.

செய்தியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று தோற்றவரைக் கேட்டால் ஒரு வரிதான் வரும். இடைவேளைக்குப் பின் நடுத்திடல் ஏன் காலியானது என்று கேட்டால், பதில் கொஞ்சமாவது நீள வாய்ப்புண்டு.