பலகைக்கு வரி, பாரம் யாருக்கு?

அமெரிக்காவில் சாதாரண மக்களின் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் எழுப்பப்படுகின்றன. அதற்கான பைன், ஸ்புரூஸ் பலகைகளை அதிகம் அனுப்புவது அண்டை நாடான கனடா. 1990-களின் நடுவில் அமெரிக்கா பயன்படுத்திய மென்மரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனடா மரம். இப்போது அது ஏறத்தாழ கால் பங்குதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் பைன் காடுகளை வண்டு அரித்தது ஒரு காரணம். மற்றொன்று, 1982-இல் தொடங்கிய தகராறு. கனடாவில் காடுகள் பெரும்பாலும் மாகாண அரசுகளின் சொத்து. வெட்டும் மரத்துக்கு அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது. அது அடிமாட்டு விலை, மறைமுக மானியம் என்பது அமெரிக்க ஆலை முதலாளிகளின் புகார். கனடா மறுக்கிறது. 1986, 1996, 2006 என மூன்று உடன்பாடுகள் வந்தன. மூன்றாவதன்படி, வசூலித்த சுமார் 500 கோடி டாலரில் 400 கோடியை அமெரிக்கா திருப்பிக் கொடுத்தது. வரி நியாயமானது என்றால் திருப்பித் தருவானேன்?

அந்த உடன்பாடு 2015-இல் முடிந்தது. 2017-இல் வரி திரும்பியது. 2025 அக்டோபரில் பெரும்பாலான கனடா ஆலைகளுக்கு அது சுமார் 45 சதவீதமாயிற்று. இதற்கிடையே ஜெர்மனி, சுவீடன் பலகைகள் கடல் தாண்டி வந்து இறங்குகின்றன. உள்ளூர் ஆலையைக் காக்கும் லட்சணமா இது? நான்காவது உடன்பாட்டுக்கு உட்காரும்போது, ஆலைக்காரர்களோடு வீடு கட்டுகிறவர்களையும் இரு அரசுகளும் அழைத்துக் கேட்கட்டும்.