ஆசனக் கணக்கும் மக்கள் கணக்கும்

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐக் கைப்பற்றியது. 2020இல் அதற்குக் கிடைத்தவை 3 மட்டுமே. அன்று 145 ஆசனங்களுடன் ஆட்சியமைத்த பொதுஜன பெரமுன, இம்முறை 3 ஆசனங்களுக்குச் சுருங்கியது.

யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றது பலரையும் வியக்க வைத்தது. ஆனால் அங்கு அது பெற்றது செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழக் கால்பங்கே. முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. ஐந்து வீதத்தை எட்டாத அணிகளின் வாக்குகள் ஆசனப் பங்கீட்டில் சேர்க்கப்படுவதில்லை. தமிழ் வாக்குகள் பல கூறுகளாகச் சிதறியதன் விலை இதுவே. வாக்குகள் ஓரளவு ஒன்றுதிரண்ட மட்டக்களப்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 5இல் 3 ஆசனங்களை வென்றது.

எனினும் கணக்கின் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தமிழ்த் தலைமைகள் தப்பிவிட முடியாது. கிராமத்து மனிதரின் காணியையும் கடலையும் தேர்தல் மேடையில் மட்டுமே நினைத்தால், மக்கள் வேறு கதவைத் தட்டவே செய்வர். அதேவேளை, கால்பங்கு வாக்கைத் தமிழர் தம் அரசியல் உரிமையைக் கைவிட்டதற்கான ஒப்புதலாக வென்றவர்கள் வாசிப்பதும் தவறு.

1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களைப் பெற்ற அரசு, மறு ஆண்டே நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையைத் தந்தது. பெரும் பலம் தன்னளவில் நன்மை அல்ல. ஆகவே விவசாயிகளும் மீனவரும் மாதர் சங்கங்களும் தத்தம் தேவைகளை எழுத்தில் வைத்து, எந்தக் கட்சியினராயினும் தம் மாவட்ட உறுப்பினர் அனைவரிடமும் கணக்குக் கேட்கட்டும். வாக்களிப்பதுடன் நம் கடமை முடிவதில்லை.