கடற்கரையிற் பெருத்த நிலா

சென்னையில் அடையாற்றை அடுத்துள்ள எலியட்ஸ் கடற்கரையில் பௌர்ணமி மாலையிற் கூடுவோர் பலர். கீழ்வானத்தில் முழுமதி எழுந்தவுடன் அவர்தம் வாயினின்று முதலில் வருஞ் சொல், "எவ்வளவு பெரிய நிலா!" என்பதே. ஏழெட்டு நாழிகை கழித்து, அந்நிலா உச்சியை நோக்கி ஏறியபின் மீண்டும் நோக்குவார்க்கு அது வெகுவாகச் சிறுத்துத் தோன்றும். இம்மாற்றம் நிலாவினிடத்து நிகழ்வதன்று, காண்பாரிடத்தே நிகழ்வது. இதனைப் பற்றி நம் மாணாக்கரிடையே வழங்குஞ் சில கருத்துக்கள் திருத்தம் பெறவேண்டும் என்பதும், அத்திருத்தம் நிலாவைக் காட்டிலும் முக்கியமான இடங்களிற் பயன்படவேண்டும் என்பதும் நமது எண்ணம்.

முதலில் மெய்ப்பித்தல். கையை முழுதும் நீட்டி, விரல் நுனிகளுக்கிடையே ஒரு மிளகைப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் நோக்குக. அம்மிளகு முழுமதியை ஏறக்குறைய முற்றும் மறைத்துவிடும். கடலை ஒட்டி எழும்போதும் மறைக்கும். தலைக்கு மேல் நிற்கும்போதும் மறைக்கும். ஏனெனில் மதிவட்டம் நம் கண்ணிற் கொள்ளுங் கோணம் இரு வேளையிலும் ஏறத்தாழ அரைப் பாகையே. இன்னும் நுணுகிக் கணக்கிட்டால், உச்சியில் நிற்கும் நிலாவைவிட அடிவானத்து நிலா பூமியின் ஆரையளவு, அதாவது ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர், நம்மினின்றும் அதிகத் தொலைவில் உள்ளது. ஆதலின் அஃது அறுபதில் ஒரு பங்கு சிறுத்தன்றோ தோன்றவேண்டும்? பெரிதென்று நாம் வியக்கும் வேளையிலேதான் அது சிறிது.

அடிவானத்துக் காற்று பூதக்கண்ணாடி போல் நின்று நிலாவைப் பெருக்கிக் காட்டுகின்றது என்று கூறுவாரும் உளர். பட்டம் பெற்றவரும் இதனைக் கூசாது கூறக் கேட்கின்றோம். இது பிழை. காற்றினாற் கதிர் வளைவது உண்மையே. ஆயின் அவ்வளைவு மதியைப் பெருக்குவதில்லை. அடிவானத்தைத் தொட்டு நிற்கும்போது மேல்கீழாக ஐந்தில் ஒரு பங்கு வரையிற் சப்பையாக்குகின்றது. சில ஆண்டுகளாகப் பத்திரிகைகள் பெருநிலா என்று முழக்குவதும் வேறொரு செய்தி. 2016ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் முழுமதி சுமார் 3,56,500 கிலோமீட்டர் அணுக்கத்தில் வந்தது. 1948க்குப் பின் அத்துணை அணுக்கமாக வந்த முழுமதி அதுவே. எனினும் மிகத் தொலைவில் நிற்கும் முழுமதியைவிட அத்தகைய மதியின் விட்டம் ஏழில் ஒரு பங்கே கூடுதல். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வழியில்லாமையால், அவ்வேறுபாட்டைக் கண் தானாக அறிதல் அரிது. அன்று கடற்கரையிற் கூடியோர் கண்ட பெருமையிற் பெரும்பாகம் எந்தப் பௌர்ணமியிலும் காணத்தக்கதே.

பின் ஏன் பெருத்துத் தோன்றுகின்றது? பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அராபிய அறிஞர் இப்னு அல்ஹைதம் இதற்கு மனத்தையே காரணமாகக் கண்டார். வானத்தை நாம் சரிபாதிக் கோளமாகக் கருதுவதில்லை. கவிழ்த்த தட்டம் போல உச்சியில் அணித்தாகவும் ஓரத்திற் சேய்த்தாகவுங் கருதுகின்றோம். கண்ணில் விழும் உருவளவு ஒன்றேயாக இருக்க, சேய்மையிலுள்ளதென்று மனம் கொண்ட பொருளை அது பெரிதென்றுந் தீர்மானிக்கின்றது. இடையே மரமும் வீடும் நிலமும் விரிந்து கிடப்பின் சேய்மையுணர்ச்சி மிகும். 1962இல் காப்மன், ராக் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இடைநிலத்தை மறைத்தும் மறைக்காமலுங் காட்டிச் சோதித்து, மறைத்தவிடத்து மயக்கம் பெரிதும் நீங்குதலைக் கண்டனர். அறிஞர் யாவரும் ஒருமுகமாக ஏற்ற விளக்கம் இன்றளவும் இல்லை. எனினும் நம் ஊரிலே பார்த்த அளவில் இவ்விளக்கம் நமக்குப் பொருத்தமாகவே படுகின்றது. வெறுங்கடலின் மேல் எழும் நிலாவைக் காட்டிலும், திரு.வி.க. பாலத்தினின்று கிழக்கே நோக்கும்போது, ஆற்று முகத்திற்கும் பிரம்மஞான சபைத் தோப்பு மரங்களுக்கும் மேலாக எழும் நிலாவே நமக்குப் பெரிதாகத் தோன்றிற்று. குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாக நோக்கினும் மயக்கங் குறையும் என்பர். கூட்டமுள்ள மாலையில் இதனைச் செய்து பார்க்கும்படி எந்த ஆசிரியருஞ் சொல்லத் துணியார்.

கயிற்றைப் பாம்பெனக் கண்டு அஞ்சும் உவமையை நம்மவர் யாவரும் அறிவர். விளக்குக் கொணர்ந்தவுடன் பாம்பு போய்விடும். நிலாவின் மயக்கம் அத்தகையதன்று. மிளகால் மறைத்துப் பார்த்தவனுக்கும், கோணத்தைக் கருவியால் அளந்தவனுக்கும், கையைத் தாழ்த்திய மறுகணமே நிலா பெரிதாகத்தான் தோன்றும். அறியாமையால் வந்த பிழை அறிவினால் நீங்கும். இஃது அறிந்தபின்னும் நீங்காது. ஆகவே கண் சாட்சி கூறுவதோடு அமையாது தீர்ப்புஞ் சொல்லிவிடுகின்றது என்பதையும், அத்தீர்ப்பினை மாற்ற அளவுகோல் ஒன்றாலன்றி இயலாது என்பதையும் மாணாக்கர் உணரவேண்டும். இதுபற்றி உலகமே பொய்த்தோற்றம் என்று சொற்பொழிவாற்றத் தொடங்குவோரோடு நாம் உடன்படோம். தொலைவிற் செல்லும் மனிதனைக் குள்ளனாகக் கருதாது மனிதனாகவே காட்டும் இச்சக்தி இல்லையாயின் நாம் ஒருநாளும் நடமாட இயலாது.

அளத்தலின் அருமையை அறிந்தவர் நம் அண்டையிலேயே இருந்தனர். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளுமே என்று வெப்பமானிகளை வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார். கண்ணுக்கு ஒரு பார்வைத் தூரம். அவர்க்கோ பல வார உழைப்பு. இந்திய நாட்டின் பெருநில அளவை அக்கோட்டினின்றே வளர்ந்தது.

நிலாவிடத்து இம்மயக்கம் இன்பமே தரும். கடலிலும் வீதியிலும் அப்படியன்று. இடையே பொருளில்லாத நீர்ப்பரப்பின் மேல் தூரம் குறைந்து தோன்றும். ஊரூர் குப்பத்துப் படகு ஒன்று அலைக்கு அப்பால் நின்றால், கூப்பிடு தூரத்தில் நிற்பதாகவே கரையிலுள்ள இளைஞன் எண்ணுவான். அதனை எட்டிவிடலாமென்று நீந்துபவன் பாதி வழியிலேதான் உண்மையை அறிகின்றான். இக்கரையில் இளைஞர் கடலுக்கு இரையான செய்தியை நாம் பலமுறை படித்துவிட்டோம். அவருள் மாணாக்கரும் உண்டு. வீதியிலோ, பெரிய பஸ் விரைவில் வந்தடையுமென்றும், சிறிய மோட்டார் சைக்கிள் தாமதித்தே வருமென்றும் மனம் கணிக்கின்றது. சோதனைகளிலும் இது காணப்பட்டுள்ளது. இருட்டில் வரும் ஒற்றை விளக்கு இன்னும் பொல்லாதது. இரு விளக்குகளாயின் அவற்றிடை அகலம் விரிவதைக் கொண்டு அணுகுதலை அறியலாம். ஒற்றைப் புள்ளியிடத்து அதற்கு ஏது? மாலை வேளையில் சர்தார் படேல் சாலையைக் குறுக்கே கடக்கும் நம் மாணாக்கர் தம் கண்ணை நம்பி ஓடுவதைக் காணும்போது நமக்கு நெஞ்சு பதைக்கின்றது.

நமது கல்லூரிகளிற் கண்ணைப் பற்றிய பாடம் வில்லையும் திரையும் வரைந்து காட்டுவதோடு முடிந்துவிடுகின்றது. தேர்வுக்கு அது போதும், உயிருக்குப் போதாது. ஆண்டுதோறும் முதல் வகுப்பு மாணாக்கரை ஒரு பௌர்ணமி மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுதல் பெருஞ்செலவன்று. ஆளுக்கொரு மிளகு கொடுக்கலாம். மணலில் நிற்பவன் காணும் அடிவானம் எத்தனை தூரமென்று கேட்டு அவரவர் மதிப்பை எழுதுவித்து, அது சுமார் நாலரைக் கிலோமீட்டரே என்று பின்னர் கணக்கிட்டுக் காட்டலாம். அவ்வாறே கடலில் நிற்கும் படகொன்றின் தூரத்தையும் எழுதுவித்து, அப்படகு கரை சேர்ந்தபின் அதிலிருந்து இறங்கும் மீனவரிடமே உண்மைத் தூரத்தைக் கேட்கச் செய்யலாம். கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் ஒரு நேர்கோட்டிற் பொருத்தித் தாம் நிற்குமிடத்தை அறியும் வழக்கமுடையவர் அவர். அதனையும் அன்றே கேட்டறிந்து வரலாம்.