டபீட்டம் என்ன வெறும் சமையற்காரனா?

மகரந்தப்பையின் குறுக்குவெட்டுப் படம். தாவரவியல் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்துவிடுவார்கள். எபிடெர்மிஸ், எண்டோதீசியம், இடை அடுக்குகள், உள்ளே டபீட்டம். டபீட்டத்தின் வேலை? "வளரும் மகரந்தத்துக்கு உணவூட்டுவது." மார்க் வந்தாச்சு!

சரி, எந்த செல் டபீட்டமாக வேண்டும் என்று யார் சொன்னது? அதை யாரும் கேட்பதில்லை. வெளி மகள்செல் சுவராகும், உள் மகள்செல் மகரந்தமாகும், எல்லாம் பிறக்கும்போதே தலையில் எழுதியாயிற்று என்று ஒப்பித்தால் போதும். செல்களுக்கும் ஜாதகம் பார்க்கிறார்கள் போல!

அராபிடாப்சிஸ் செடியில் இஎம்எஸ்1 என்ற ஏற்பிப் புரதம் 2002-லும், டிபிடி1 என்ற சிறு புரதம் 2003-லும் தெரியவந்தன. மகரந்தத் தாய்செல்களாகப் போகும் உள் செல்கள் டிபிடி1-ஐச் சுரக்கின்றன. பக்கத்து செல்லின் சவ்வில் உள்ள இஎம்எஸ்1 அதைப் பிடித்த பிறகுதான் அந்த செல் டபீட்டமாகிறது. அதாவது, சமையற்காரனை வேலைக்கு வைப்பதே சாப்பிடப் போகிறவர்கள்தான்.

இரண்டில் ஒன்று பழுதானால் டபீட்டமே இல்லை. தாய்செல்கள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகும். மகரந்தமும் அதிகமாகுமா? அதுதான் இல்லை. கரு பிரியும், செல் பிரியாது. செடி ஆண்மலடு. ஜாதகக் கட்சிக்காரர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? மக்காச்சோளத்தில் ஆக்சிஜன் குறைவே மகரந்த வழிச் செல்களை முடிவு செய்கிறது என்று 2012-ல் வேறு காட்டிவிட்டார்கள்.

"பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். கலப்பின நெல் விதை உற்பத்தி ஆண்மலட்டுச் செடிகளை நம்பித்தான் நடக்கிறது. நெல்லிலும் இஎம்எஸ்1-க்கு இணையான எம்எஸ்பி1 இருக்கிறது. அது கெட்டால் ஆண்பக்கம் மலடு, பெண்பக்கம் விதை பிடிக்கும். "உணவூட்டுவது" என்று எழுதி மார்க் வாங்கியவரிடம் அந்தச் செடியைக் கொடுத்துக் காரணம் கேட்டுப் பாருங்கள்.