வாமனர் குடையும் எம்-சீலும்

செம்பூரிலேயே இரண்டு தெரு தள்ளி வீடு மாறினோம். அந்த அமர்க்களத்தில் அம்மாவின் தசாவதார செட்டில் வாமனருக்கு மணிக்கட்டோடு குடை போய்விட்டது. "உடைஞ்சதை கொலுவுல வைக்கப்படாதுப்பா, தண்ணில விட்டுடு. மாட்டுங்கால புதுசு கிடைக்கும்" என்றார் எதிர்வீட்டு மாமி. கிடைக்கும்தான். அம்மா பண்ருட்டியில் பேரம் பேசி வாங்கின வாமனர் கிடைப்பாரா?

ரிப்பேர் செய்துதான் ஆகணும் என்பது என் கட்சி. மண் வைத்து ஒட்டினால் நிற்காது, சுட்டால்தான் இறுகும். தாராவி கும்பார்வாடா சூளையில் மறுபடி வைத்தால் நாற்பது வருஷப் பெயின்ட் கருகிவிடும். மிச்சம் இருப்பது எபாக்சி புட்டிதான். வெளிநாட்டில் குட்டி பொம்மை செய்கிறவர்கள் கிரீன் ஸ்டஃப், மில்லிபுட் என்று வாங்குகிறார்கள். நமக்குக் குழாய் ஒழுகினால் தேடுகிற எம்-சீல் போதும். (அதிலேயே ஃபடாஃபட் வேண்டாம். பேருக்கேற்றபடி, விரல் வைப்பதற்குள் கல்லாகிவிடும்!)

இரண்டு உருண்டையும் டெபிட் கிரெடிட் மாதிரி சமமாக இருக்கணும். கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசையணும். கையில் க்ளவுஸ் கட்டாயம், சிலருக்குத் தோலில் அலர்ஜி வரும். உடைந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, சின்னத் துளை போட்டுக் கம்பி செருகினேன். கம்பி இல்லாத கை அடுத்த கொலுவுக்குள் மறுபடி விழும். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் புட்டி அதில் ஒட்டாது. ஆனால் அதே தண்ணீர் பொம்மைக்கும் புட்டிக்கும் நடுவில் புகுந்தால் அங்கேயும் ஒட்டாது. நான் முதலில் கோட்டை விட்டது இங்கேதான். இன்னொன்று, பிசைந்தவுடனே விரல் செதுக்கப் போனால் சூயிங்கம் மாதிரி இழுபடும். கொஞ்சம் விறைக்கட்டும் என்று காத்திருக்கணும். மும்பை மே மாசத்தில் அந்தக் காத்திருப்பும் குறைவு, சூட்டில் சீக்கிரம் இறுகும். கையை ஒரு நாள், குடையை மறுநாள் என்று செய்தேன். தேய்க்கும்போது ஈர உப்புத்தாள்தான், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

மாமி சொன்னதில் ஒன்று மட்டும் உறுத்தியது. வெறும் களிமண் தண்ணீரில் கரையும். இறுகின எபாக்சி கரையாது, உருகவும் உருகாது. பிளாஸ்டர் சிலைகள் கூடாதென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் சொன்னதும் இந்தக் கரையாத சங்கடத்தால்தான். ஒட்டின பொம்மையை அப்புறம் கடலில் விட நமக்கு உரிமை கிடையாது. வைத்துக் காப்பாற்றத்தான் வேணும்.

அதனால் வாமனரின் அடியில் பென்சிலால் எழுதிவைத்தேன்: "வலது கை, குடை எம்-சீல். தண்ணீரில் போடாதீர்கள்."

மாமி வந்து பார்த்தார். குடை கொஞ்சம் பெரிசாம்.