முதல் பிரதி யாருக்கு?
நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வயல், தொலைவில் கல்வராயன் மலை. கதையிலோ சென்னை அடுக்குமாடியில் குடியிருக்கும் யட்சி. தொடரின் புதிய பாகமாம், எழுதியவரே கிண்டிலில் ஏற்றி முந்தைய இரவுதான் வெளியிட்டாராம். சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ காலத்தில் அமானுஷ்யம் என்றால் கிராமமும் காவல் தெய்வமும்தான். இப்போது அதுவும் பட்டணத்துக்குப் பிழைக்கப் போய்விட்டது போலிருக்கிறது. போகட்டும். எனக்கு உறுத்தியது வேறு: இந்த நாவலின் முதல் பிரதியை யார் பெற்றுக்கொண்டார்கள்? நம்மிடம் வெளியீட்டு மேடையில் ஒருவர் முதல் பிரதி பெற்றுக்கொள்ளாமல் புத்தகம் பிறந்ததாகவே கணக்கில்லை. பொன்னாடை வேண்டும், நூலைப் புரட்டிக்கூடப் பார்க்காத ஒருவரின் வாழ்த்துரை வேண்டும். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசின் 26 நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் நாள்தோறும் வெளியிட்டபோதே, வாசகரை அடைய மேடையோ பத்திரிகையோ கட்டாயமில்லை என்பது தெரிந்துவிட்டது. நள்ளிரவில் விழித்திருக்கும் எவரும் முதல் பிரதியை வாங்கலாம்; கள்ளக்குறிச்சிப் பக்கத்து வாசகி என்றாலும் சரிதான். ஆகவே மேடை போனதில் எனக்கு வருத்தமில்லை. பதிப்பாசிரியர் போனதில்தான் கொஞ்சம் கவலை. இரண்டாம் பாகத்தில் செத்தவர் ஐந்தாம் பாகத்தில் காபி குடித்தால், அது மாயமா, எழுத்தாளரின் மறதியா என்று யார் கேட்பது?